ராத்திரி ஹைவேயில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வது?

பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. உள்கண்ணாடி முழுக்க திடீரென்று வெள்ளை வெளிச்சம். பின்னால் ஒரு வண்டி, ஹை பீமைப் போட்டுக்கொண்டு, உங்கள் டிக்கியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிடும் தூரத்தில் வருகிறது. அடுத்தது ஏர் ஹாரன். புதிதாக ஓட்டுகிறவருக்கு இந்த நேரத்தில் உள்ளங்கை வேர்க்கும், வலது கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தும். அந்தக் காலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சென்னை–திருச்சி சாலையில் பதினோரு வருடமாக மாதத்துக்கு ஒருமுறையாவது இரவில் ஓட்டுகிறேன். தொழில்முறை ஓட்டுநர் இல்லை, ஊருக்குப் போய்வருகிற சாதாரண ஆள். லைசென்ஸ் எடுத்து ஓரிரு வருடமாகி, நகரத்துக்குள் நன்றாகவே ஓட்டப் பழகி, முதல்முறை இரவுப் பயணம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணமெல்லாம் இந்தச் சாலையிலிருந்து வரும். நான்கு வழிச்சாலை எதுவாக இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய இதேதான்.

கிளம்பும் முன்

பாதி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். பின்பக்க விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். கூட ஆள் இல்லையென்றால், பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு விழ வேண்டும். பின்விளக்கு ஒரு பக்கம் செத்துப்போயிருந்தால், இருட்டில் உங்கள் கார் பின்னால் வருகிறவருக்கு மோட்டார் சைக்கிளாகத் தெரியும். பைக்தானே என்று அவர் தைரியமாக நெருங்கி வருவார்.

முன்கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். வெளியே மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். உள்ளே படிந்த மெல்லிய அழுக்கு, எதிர் வெளிச்சம் பட்டதும் பால் ஊற்றியதுபோல் பரவும்.

இன்னொன்று, பலர் தொட்டே பார்க்காத விஷயம். நிறைய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும். ஹெட்லைட்டை மேலே கீழே சாய்ப்பது அது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அப்போது உங்கள் லோ பீமே முன்னால் போகிறவர் கண்ணாடியில் அடிக்கும். நீங்கள் ஹை பீமில் வருவதாக நினைத்து அவர் கடுப்பாவார். பாரம் ஏறியிருந்தால் திருகை 2 அல்லது 3-க்கு மாற்றிவிடுங்கள்.

கிளம்பும் நேரமும் முக்கியம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு, தெற்கே போகும் பேருந்துகள் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அங்கிருந்து சாரிசாரியாகக் கிளம்புகின்றன. வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தைய இரவும் சொல்லவே வேண்டாம். புதியவர் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பாமல் இருப்பது நல்லது. ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள், இல்லையென்றால் தூங்கி எழுந்து விடியற்காலை ஐந்துக்குப் புறப்படுங்கள். நள்ளிரவில் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உங்கள் கண்ணும் சொக்கும், பின்னால் வருகிறவர் கண்ணும் சொக்கும்.

எந்தத் தடத்தில் ஓட்டுவது

ஒட்டி வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை உங்களைப் பிடிப்பது வலது தடத்தில்தான். வலது தடம் முந்துவதற்கு, இடது தடம் ஓட்டுவதற்கு. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சரி, அப்படியானால் புதியவர்கள் ஏன் வலது தடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. இடது தடத்தில் பின்விளக்கு இல்லாத மொபெட் போகும். பஞ்சரான லாரி, ரிஃப்ளெக்டர்கூட வைக்காமல் பாதித் தடத்தை அடைத்து நிற்கும். அடுத்த யூ டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓரமாகவே பைக் வரும். மாடும் வரும். வலது தடம் சுத்தமாகத் தெரிகிறது, அதனால் அங்கே ஒதுங்கிக்கொள்கிறோம். லாரிக்காரர்களும் இதே காரணத்துக்காகத்தான் வலது தடத்தை விடுவதில்லை.

அப்படியும் நான் இடது தடத்தைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. உங்கள் ஹெட்லைட்டுக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். லோ பீம் ஏறக்குறைய ஐம்பது, அறுபது மீட்டர்தான் காட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை விநாடி ஆகிவிடும், 33 மீட்டர் போச்சு. அப்புறம் வண்டி நிற்க இன்னும் முப்பத்தைந்து மீட்டராவது வேண்டும். ஆக, 80-லேயே லோ பீம் போதாது. எதிரே வெளிச்சம் இல்லாமல், முன்னாலும் வண்டி இல்லாமல் சாலை இருட்டாக இருந்தால் ஹை பீம் போடுவதில் தவறில்லை, அது அதற்குத்தான் இருக்கிறது. யாராவது வந்ததும் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நடுத்திட்டில் அரளிச் செடி அடர்த்தியாக இருக்கும் இடங்களில் எதிர்ப்பக்க வெளிச்சத்தை அதுவே மறைத்துவிடும். பூவுக்காக மட்டும் அதை நட்டிருக்கவில்லை. செடி காய்ந்துபோன பகுதிகளில் இரண்டு பக்கமும் ஒருவர் கண்ணை ஒருவர் குத்திக்கொண்டு போவோம்.

முந்த வேண்டுமென்றால் வலது தடத்துக்குப் போங்கள், முந்துங்கள், முந்திய வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் உங்கள் உள்கண்ணாடியில் தெரிந்ததும் இடது தடத்துக்குத் திரும்புங்கள். வலது தடத்தில் 60-ல் ஊர்ந்துகொண்டிருக்கும் லாரிக்குப் பின்னால், உங்கள் பின்னால் ஒரு பேருந்தும் வர, நடுவில் மாட்டிக்கொண்டு போவதுதான் இந்தச் சாலையிலேயே மோசமான இடம். பேருந்து நெருங்குவதைக் கண்ணாடியில் பார்த்ததுமே இடதுக்கு வந்துவிடுங்கள். லாரியை இடப்பக்கமாகத் தாண்ட வேண்டிய நிலை வந்தால், முன்னால் தடம் காலி என்று உறுதியான பிறகு லைட்டை ஒருமுறை தட்டிவிட்டு, தயங்காமல் கடந்துவிடுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் லாரி ஓட்டுநருக்கு இடப்பக்கம்தான் அதிகம் மறையும்.

ஒட்டி வந்துவிட்டார், இப்போது?

முதலில் உள்கண்ணாடி. அதன் அடியில் ஒரு சின்ன லீவர் இருக்கும். ஐந்து வருடம் கார் வைத்திருந்தும் அது எதற்கென்று தெரியாதவர்கள் உண்டு. அதை ஒருமுறை மாற்றிவிட்டால் கண்ணாடி லேசாகச் சாய்ந்து, பின்வெளிச்சம் முழுவதும் கூரைப் பக்கம் போய்விடும். கண்ணுக்கு வருவது மங்கலான பிம்பம் மட்டும். விலை உயர்ந்த கார்களில் இது தானாகவே நடக்கும். கண் கூசுவது நின்றாலே பாதிப் பதற்றம் போய்விடும்.

அடுத்தது கால். ஆக்சிலரேட்டரிலிருந்து லேசாக எடுங்கள். பிரேக் வேண்டாம். ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகம் தானாகக் குறையட்டும்.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளுணர்வு இதற்கு நேர் எதிராகச் சொல்லும். பின்னால் ஒருவர் பத்து மீட்டரில் வருகிறார், இருவரும் 80-ல் போகிறீர்கள். அந்தப் பத்து மீட்டரைக் கடக்க அவருக்கு அரை விநாடிகூட வேண்டாம். நீங்கள் திடீரென்று பிரேக் மிதித்தால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் நிறுத்த முடியாது. ஆகவே நீங்கள் திடீர் பிரேக் போடவே கூடாது. திடீர் பிரேக் போடாமல் இருக்க உங்களுக்கு முன்னால் இடம் வேண்டும். பின்னால் இருக்கும் இடைவெளி உங்கள் கையில் இல்லை, முன்னால் இருப்பது இருக்கிறது. அவர் எவ்வளவு நெருங்குகிறாரோ, நீங்கள் முன்வண்டியிலிருந்து அவ்வளவு விலகுங்கள். இருவருக்கும் சேர்த்து பிரேக் போடுகிறவர் இப்போது நீங்கள்தான்.

இடைவெளியை அளக்க மீட்டர் கணக்கு வேண்டாம். முன்வண்டி ஒரு பலகையையோ புளியமரத்தையோ கடக்கும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணத் தொடங்குங்கள். பகலில் மூன்று வரை எண்ணிய பிறகு நீங்கள் அந்த இடத்துக்கு வந்தால் போதும். இரவில் நான்கு. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறு.

இதற்குள் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். இடது தடம் காலியாக இல்லாவிட்டாலும் போடுங்கள். வழி விடப்போகிறீர்கள் என்று தெரிந்தாலே பாதிப்பேர் ஹாரனை நிறுத்திவிடுவார்கள், என் அனுபவம் அது. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து, தடம் மாறுங்கள். தடம்தான் மாற வேண்டும், வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் இறங்கக்கூடாது. நின்றுபோன லாரியும் நடந்துபோகிறவரும் அங்கேதான் இருப்பார்கள்.

அவர் உங்களைத் தாண்டிப் போனதும் ஹை பீம் போட்டிருந்தால் இறக்கிவிடுங்கள். உடனே வலதுக்குத் திரும்பாதீர்கள். ஒரு பேருந்துக்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம்.

இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம் போகும்? 80-லிருந்து 60-க்கு இறங்கி அரை நிமிடம் போனால் நீங்கள் இழப்பது ஏழெட்டு விநாடி. மதுராந்தகத்தில் என்னை விரட்டித் தள்ளிவிட்டுப் போன பேருந்தை விக்கிரவாண்டிப் பக்கத்து மோட்டல் வாசலில் நின்றபடி பலமுறை பார்த்திருக்கிறேன்.

முந்தாமல் பின்னாலேயே வருகிறவர்

இது வேறு ரகம். நீங்கள் இடதுக்கு வந்துவிட்டீர்கள், வலது தடம் காலி, ஆனால் அவரும் இடதுக்கு வந்து பின்னாலேயே தொடர்கிறார். உடனே பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறார், அவ்வளவுதான். ஹெட்லைட் மங்கலாக இருக்கலாம், மழை பெய்யலாம், சாலை புதிதாக இருக்கலாம், தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். நீங்கள் வேகத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். அப்படியே இருவரும் 110-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

மெதுவாக 60-க்கு இறங்குங்கள். அப்படியும் தாண்டிப் போகவில்லை என்றால் வெளிச்சமான பெட்ரோல் பங்க் ஒன்றில் நுழைந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவர் நேராகப் போய்விடுவார்.

நான் செய்த முட்டாள்தனம்

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஒரு இரவு. பின்னால் ஒரு பெரிய கார் விடாமல் லைட் அடித்துக்கொண்டே வந்தது. நான் 95-ல் வலது தடத்தில், ஒரு லாரிக்குப் பக்கத்தில். வேகமாகத் தாண்டி வழி விட்டிருக்கலாம். விடவில்லை. "நானும் வேகமாகத்தானே போகிறேன்" என்ற எண்ணம். லாரி பின்தங்கியதும் அவர் இடப்பக்கமாகப் புகுந்து, என் மூக்கை உரசுவதுபோல் வெட்டிக்கொண்டு போனார். நான் ஹை பீமைப் போட்டு அவரைத் துரத்தினேன்.

"ஏங்க, அவன் போய்த் தொலையட்டும், விடுங்க" என்றாள் மனைவி. மூன்று கிலோமீட்டர் விடவில்லை. நடுத்திட்டு இடைவெளி ஒன்றில் ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லரோடு, சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. டிரெய்லரில் விளக்கு இல்லை. நான் நிறுத்தியபோது எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு கார் நீளம் இருந்தது. பின்சீட்டிலிருந்து உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் என் காலடியில் கிடந்தது. அது பிரேக்குக்கு அடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தேன். டிரெய்லரில் விளக்கு இல்லைதான். ஆனால் நான் அதைப் பார்க்காததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. மூன்று கிலோமீட்டரும் நான் சாலையைப் பார்க்கவே இல்லை, அவருடைய பின்விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பாட்டில் கதவுப் பையில்தான் இருக்கும்.

இன்னொன்று, பாடம் கற்பிக்கிறேன் என்று சிலர் பின்னால் வருகிறவரைப் பயமுறுத்த பிரேக்கை லேசாகத் தட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு அச்சு லாரிக்கே பாரத்தோடு 18.5 டன் வரை அனுமதி உண்டு. உங்கள் கார் ஒரு டன் சொச்சம். பின்னால் இடித்தவர் மேல்தான் வழக்கமாகத் தவறு எழுதுவார்கள், சரி. நசுங்குவது உங்கள் டிக்கி, அதற்கு முன்னால் பின் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

லைட்டும் ஹாரனும் பேசும் பாஷை

எதிரில் வருகிறவர் லைட்டைத் தட்டினால் "நீங்கள் முதலில் போங்கள்" என்று அர்த்தம் கிடையாது. "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். வெளிநாட்டில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். பின்னால் இருப்பவர் ஓரிருமுறை தட்டினால் முந்தப்போகிறார். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இருவழிச்சாலையில் முன்னால் போகும் லாரி இண்டிகேட்டர் போட்டால் கவனம் வேண்டும். இடது இண்டிகேட்டர் "தாண்டிப் போ" என்றும், வலது "வராதே, எதிரில் வண்டி" என்றும் பலர் போடுவார்கள். சிலர் அதையே தலைகீழாகப் போடுவார்கள், சிலர் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப்போவார்கள். லாரிக்காரர் சிக்னலை நம்பி முந்தாதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

எதிர்வெளிச்சம் தாங்க முடியவில்லை என்றால் அதைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் அந்தச் சாலையில் கண் தெரியாத ஓட்டுநர்கள் இரண்டு பேர் ஆவார்கள். நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்கும் ஹஸார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் வேண்டாம். இண்டிகேட்டர் போட்டால் யாருக்கும் தெரியாது.

உண்மையிலேயே வம்புக்கு வருகிறார் என்றால்

முன்னால் வந்து வேண்டுமென்றே பிரேக் போடுகிறார், பக்கவாட்டில் வந்து கத்துகிறார், நீங்கள் மெதுவானால் அவரும் மெதுவாகிறார், பங்க்குக்குள் நுழைந்தால் அவரும் நுழைகிறார். இது அவசரத்தில் போகிறவர் செய்வதில்லை.

கதவுகள் பூட்டியிருக்கட்டும், கண்ணாடி ஏற்றியிருக்கட்டும். முகத்தைப் பார்க்காதீர்கள், கையால் எதுவும் காட்டாதீர்கள், மன்னிப்புக்கூட சைகையில் வேண்டாம், இருட்டில் அது வேறு மாதிரித் தெரியும். இருட்டில் நிறுத்தி இறங்கிப் பேசுவது கூடவே கூடாது. சுங்கச்சாவடி வரை ஓட்டுங்கள். சென்னையிலிருந்து போனால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக இருக்கின்றன. அங்கே வெளிச்சம், கேமரா, ஆட்கள் எல்லாம் உண்டு. ஊருக்குள் வந்தும் தொடர்கிறார் என்றால் வீட்டுக்குப் போகாமல் காவல் நிலையத்துக்குப் போங்கள். உங்கள் வீடு எதுவென்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்தில் இருப்பவர் 112-க்கு அழைக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணும் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஏதோ காடு மாதிரி இருக்குங்க" என்று சொன்னால் பயனில்லை. கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி, எந்தத் திசையில் போகிறீர்கள், சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண், அவருடைய வண்டி நிறமும் நம்பரும் சொல்லுங்கள். நம்பரைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும், நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம். முன்னும் பின்னும் பதிவு செய்யும் டேஷ்கேம் வைத்திருந்தால் இந்த வேலையும் மிச்சம்.

இருட்டில் பின்னால் லேசாக இடித்துவிட்டார், யாருக்கும் அடிபடவில்லை, வண்டி நகர்கிறது என்றால், ஹஸார்ட் போட்டு, மெதுவாக அடுத்த வெளிச்சமான இடம் வரை போய் நிறுத்தி 112-க்குச் சொல்லுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் அங்கேயே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

பிறகு புகார் கொடுக்க நினைத்தால், ஆபத்தாக ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீடியோ இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எல்லாம் முடிந்து கை நடுங்கிக்கொண்டிருந்தால் உடனே கிளம்பாதீர்கள். பத்து நிமிடம் நின்று ஒரு டீ குடியுங்கள். கோபம் இறங்காமல் ஓட்டினால், அடுத்து உங்கள் முன்னால் மெதுவாகப் போகும் ஒரு அப்பாவிக்கு நீங்கள்தான் ஒட்டி வருகிறவர்.

விடிந்ததும் உள்கண்ணாடி லீவரை மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். சமயபுரம் சுங்கச்சாவடியில் நல்ல வெயிலில் கண்ணாடி மங்கிப்போய்விட்டதென்று நான் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது உண்டு.